தண்ணிக் காட்சி

பேச்சியம்மாள் முதன்முதலாக மழை பெய்வித்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. வடபழனியில் தகரக்கூரை போட்ட ஒரு ஸ்டூடியோவின் இரண்டாம் நம்பர் ஃப்ளோரில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அது நடந்தது. மதராஸ் பட்டணம் முழுக்கக் குழாய்களில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த வருஷம் அது. மழைப் பாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய லாரி பூந்தமல்லிப் பக்கம் எங்கோ கிணறு தேடி அலைந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு ஆட வேண்டிய நடிகை, ஈரத்தில் ஆடினால் எனக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டாள். ஆகவே பின்வரிசையில் ஆறாவது ஆளாக ஆடிக்கொண்டிருந்த பேச்சியம்மாளை, தைத்து வைத்த உடுப்பு அவளுக்குத்தான் பொருந்தும் என்ற ஒரே காரணத்துக்காக, டைரக்டர் நரசிம்மலு முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"லாரி வர்ற வரைக்கும் சும்மா ஒரு ஒத்திகை பாப்போம். மேல பாரும்மா. மழை பெய்யுதுன்னு நெனச்சுக்கோ," என்றார்.

அவள் மேலே பார்த்தாள். காமிராமேன் தாமஸ் ஃபோகஸ் சரிபார்ப்பதற்காகக் காமிராவை ஓட்டினார். மழை பெய்தது.

தகரக்கூரைக்கு வெளியே அல்ல, உள்ளே, விளக்குகள் தொங்கிய மரச்சட்டங்களுக்கு ஒரு முழம் கீழே தொடங்கி, காமிராவின் கண் எவ்வளவு அகலம் பார்த்ததோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும், சாய்மானமில்லாமல், செங்குத்தாக, ஐப்பசி மழைபோலக் கனத்துப் பெய்தது. லைட்காரர்கள் விளக்குகள்மேல் சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். நட்டுவனார் கணக்குச் சொல்வதை நிறுத்தவில்லை. நரசிம்மலு முப்பது வருஷமாகப் படமெடுப்பவர், படமெடுப்பில் எதுவும் நடக்கும் என்று அறிந்தவர். அவர் சொன்னதெல்லாம் "தாமஸ், கட் பண்ணாதே" என்பதுதான். பாட்டு நாலு நிமிஷம் இருபது விநாடி. அது முடிந்து காமிரா நின்றதும் மழையும் நின்றது. ப்ரொடக்ஷன் மேனேஜர் ஆபீஸ் அறைக்குப் போய், லாரி இனிமேல் வர வேண்டாம் என்று சொல்ல டெலிபோனைச் சுழற்றினார்.

பேச்சியம்மாளைத் துவட்ட ஓடிவந்தது அவளுடைய சித்தி சீனியம்மா. அருப்புக்கோட்டையிலிருந்து அவளைக் கூட்டிவந்து, கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை பிடித்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவள் அவள்தான். "என்ன புள்ள பண்ணுன?" என்று காதுக்குள் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல சித்தி. மேல பாத்தேன்."

"அப்படின்னா அதையே பண்ணு. வேறெதுவும் பண்ணிராத."

அந்தப் படத்தின் பெயர் 'குயிலுக்கு ஒரு சேலை.' அதில் பேச்சியம்மாளின் பெயர் ரூபலேகா என்று வந்தது. அந்தப் பெயரை அவள் திரையில்தான் முதலில் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு வந்துவிட்டது, தியேட்டரில் மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது. காமிரா ஓடும்போது பெய்த அதே மழை, அந்தச் சுருள் ஓடும் இடத்திலெல்லாம், அதே நாலு நிமிஷம் இருபது விநாடிக்கு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தலைமேல் பெய்யும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் நாள் ஜனங்கள் நாற்காலிக்கு அடியில் ஒண்டினார்கள். இரண்டாம் நாள் குடையோடு வந்தார்கள். மூன்றாம் நாள் குடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் மறைக்கிறது என்று சண்டை வந்தது. நான்காம் நாள் தியேட்டர்காரர்கள் "ஆண்களுக்குக் குடை அனுமதி இல்லை" என்று போர்டு எழுதி வைத்தார்கள். மவுண்ட் ரோட்டின் மெத்தை நாற்காலி தியேட்டர்கள் பாட்டையே வெட்டி எறிந்தன. ஊட்டியிலும் நாகர்கோவிலிலும் படத்தை வாங்க ஆளில்லை, எங்களுக்கு இருக்கிற மழை போதும் என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர் லாரிச் சங்கத்தார் ஊர்வலமாக வந்து, ஒரு பெண் இப்படிச் செய்தால் நாங்கள் எங்கே போவது என்று மகஜர் கொடுக்க, கடைசியில் ரூபலேகா படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் ஒரு காலி லாரி வந்து வாசலில் மரியாதைக்கு நிற்கும் என்று பேசி முடித்தார்கள்; அது பதினைந்து வருஷம் நின்றது, அதன் நிழலில் கேரம்போர்டு ஆடினார்கள்.

மழை வேண்டும் என்ற ஊர்களில் கதை வேறு. அதிலும் ராமநாதபுரம் சீமையில், முதுகுளத்தூரைத் தாண்டி, கருவேல மரமும் கானல் நீருமாகக் கிடந்த காக்கைவயலில் கதையே வேறு. பெயரில் வயல் இருந்ததே தவிர, அந்த ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்கு ஆறு மைல் நடந்தார்கள். அங்கே அப்துல் கபூர் ராவுத்தர் என்பவர், தன் ஒரே மகள் மெஹருன்னிசாவின் பெயரால், மெஹர் டாக்கீஸ் என்று ஒரு கூடாரக் கொட்டகை போட்டு, பட்டணத்தில் ஓடித் தேய்ந்த படங்களை ஒரு வருஷம் கழித்து ஓட்டிவந்தார். 'குயிலுக்கு ஒரு சேலை' அங்கே வந்து பாட்டு ஓடியபோது ஜனம் கத்தவில்லை, ஒண்டவில்லை. முன்னால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் வாயைத் திறந்து அண்ணாந்து உட்கார்ந்தார். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையை விரித்தாள். மறுநாள் ஊரே குடத்தோடு வந்தது.

ராவுத்தர் யோசிக்கிற மனிதர். படம் சுற்றுகளை முடித்துக்கொண்டு கிடங்குக்குப் போகிற சமயத்தில் அவர் மதுரைக்குப் போய் விநியோகஸ்தரிடம் பேசி, பாட்டு இருந்த அந்த ஏழாவது சுருளை மட்டும் சொந்தமாக வாங்கிவந்தார். கொட்டகைக்குக் கறுப்புத் துணியால் ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டார், பகலிலும் உள்ளே இருட்டாக இருப்பதற்காக. மணல் தரையைச் சரிவாகத் தோண்டி, ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதைக் கொண்டுபோய் ஊருணியில் விட்டார். காலை எட்டு மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று இரண்டு தண்ணிக் காட்சிகள் நடந்தன. பெண்கள் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்கள், ரூபலேகா திரையில் மேலே பார்ப்பாள், குடங்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் மாறி நிறையும், பாட்டின் கடைசிச் சரணத்தில் எல்லாக் குடமும் தளும்பும். மாமியார்களும் மருமகள்களும் அங்கேதான் பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை அங்கேதான் உட்காரவைத்தார்கள். கல்யாண வீட்டுக்கு ஒரு விசேஷக் காட்சி, துக்க வீட்டுக்கு ஒரு காட்சி, நாற்று நடுகிற பதினைந்து நாளைக்குத் தொடர்ந்து மூன்று காட்சி என்று பஞ்சாயத்தில் பேசி அட்டவணை போட்டார்கள். ஆமாம், நாற்று நட்டார்கள். காக்கைவயலில் மிளகாயும், கொட்டகைக்குத் தென்புறம் இருந்த நாலு ஏக்கரில் நெல்லும் விளைந்தன. பிறந்த பெண் குழந்தைகளுக்கு ரூபலேகா என்று பெயர் வைத்து வைத்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கறுப்பு ரூபலேகா, மாட்டுக்கார வீட்டு ரூபலேகா, பல்லு ரூபலேகா என்று அடைமொழியோடு கூப்பிட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பேச்சியம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஜலதோஷம்.

பதினைந்து வருஷத்தில் நாற்பத்தொரு படங்கள், நாற்பத்தொரு மழைப் பாட்டு. ஒரு படத்தில் அவள் வில்லனின் தோழி, ஒரு படத்தில் கிளப் டான்ஸ்காரி, ஒரு படத்தில் கனவு; எந்தப் படத்திலும் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. அவள் வருவாள், மேலே பார்ப்பாள், நனைவாள், போவாள். கதாநாயகர்கள் அவளோடு ஆடிவிட்டு ஒரு வாரம் தும்மினார்கள். சீனியம்மா சித்தி ஒரு கையில் துண்டும் மறு கையில் சுக்குக் காப்பியுமாகக் காமிராவுக்குப் பின்னால் நின்றே வயதானாள். பேச்சியம்மாள் மூக்கு அடைத்துக்கொண்டு படுத்தபடி, கூரையைப் பார்த்துச் சொல்வாள்: "சித்தி, எனக்கு ஒரு தடவ வசனம் பேசணும்."

அந்த ஆசை சினிமாவுக்கு வந்த பிறகு வந்ததில்லை. அவளுடைய அப்பா அருப்புக்கோட்டையில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய் கட்டிப் போட்ட கதை வசனத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஏழு வயதிலேயே அவளுக்கு ராஜாக்களும் கைம்பெண்களும் குற்றவாளிகளும் பேசிய பத்து நிமிஷ வசனங்கள் மூச்சுவிடும் இடங்களோடு மனப்பாடம். நடிப்பு என்றால் பேசுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அவளுடைய குரல் கட்டைக் குரல். கரிசல் காட்டு வெயிலில் காய்ந்த குரல். "வாங்க" என்று அவள் சொன்னால் வீட்டுக்கு வந்தவர் ஒரு அடி பின்னால் போவார். முதல் படத்தில் அவளுக்கு இருந்த இரண்டே வரி வசனத்தைக்கூட வேறொரு பெண் வந்து குயில்போலப் பேசிவிட்டுப் போனாள். நாற்பத்தொரு படத்திலும் அப்படியே. நரசிம்மலுவிடம் அவள் கேட்டுப் பார்த்தாள்.

"உன் வாய்க்கு எதுக்கும்மா வேலை? மேல பாரு, போதும். ஊர் உலகத்துல யாராலயும் முடியாததை நீ செய்யிற. பேசுறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க," என்றார் அவர், அன்பாகத்தான்.

ஒரே ஒரு தடவை கிட்டத்தில் வந்தது. எண்பத்து மூன்றில் ஒரு புது டைரக்டர், கோர்ட் காட்சி ஒன்று வைத்திருக்கிறேன், நீதான் குற்றவாளி, மூன்று பக்க வசனம், உன் குரலிலேயே பேசு என்று தாளை அவள் கையில் கொடுத்தார். தன் வீட்டையே தீ வைத்துக் கொளுத்திய ஒரு பெண், நீதிபதி முன்னால் நின்று, ஏன் கொளுத்தினேன் என்று சொல்கிற காட்சி. பேச்சியம்மாள் பதினெட்டு நாள் அதைப் பாடம் பண்ணினாள். பாத்திரம் விளக்கும்போது பேசினாள், தலை வாரும்போது பேசினாள், பால்காரர் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைக் கேட்க மறுநாள் சீக்கிரமாக வந்தார். பத்தொன்பதாம் நாள் காலையில், மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, தயாரிப்பாளர் வந்து தாளைப் புரட்டிப் பார்த்து, "இதுல மழை எங்க வருது?" என்று கேட்டார். கோர்ட்டுக்குள் எப்படி சார் வரும் என்றார் டைரக்டர். அப்படியென்றால் இந்தக் காட்சி வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். நீதிபதியின் தீர்ப்பு எழுதிய பக்கம் மறுநாள் வருவதாக இருந்தது. அது வரவேயில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் தோட்டப் பாட்டுக்கு ஆடினாள். வழக்கமாகப் பெய்வதைவிட அரை அங்குலம் அதிகமாகப் பெய்தது என்று தாமஸ் பிற்பாடு சொன்னார்.

முப்பத்துநாலு வயதில் அழைப்பது நின்றது. நனைவதற்கு இருபது வயதுப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களால் மழை பெய்விக்க முடியாதுதான், ஆனால் லாரித் தண்ணீர் படத்தில் மழை மாதிரியே இருந்தது, தியேட்டர் நாற்காலியும் கெடவில்லை. பேச்சியம்மாள் அதற்காக அழவில்லை. சாலிக்கிராமத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டாள். அவளுடைய ரவிக்கைக் கழுத்து அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியது. முழங்கால் வலி வந்தது, கொஞ்சம் சதை போட்டது, தும்மல் மெல்ல மெல்ல நின்றது. அளவு கொடுக்க வருகிற பெண்களில் யாரோ ஒருத்தி எப்போதாவது உற்றுப் பார்த்து, "நீங்க அந்த..." என்று தொடங்குவாள். "ஆமா. கையத் தூக்குங்க," என்பாள் பேச்சியம்மாள்.

காக்கைவயலிலிருந்து இரண்டு பேர் வந்தது தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதத்தில். ஒருத்தி ராவுத்தரின் மகள் மெஹருன்னிசா; அத்தா மௌத்தான பிறகு கொட்டகையை அவள்தான் நடத்துகிறாள். மற்றவள் முத்திருளாயி, போன வருஷம் பஞ்சாயத்துத் தலைவியாக ஜெயித்தவள், ஆறடி உயரம், பேச்சு அதைவிட உயரம். மெஹருன்னிசா தன் மடியில், தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல, ஒரு வட்டத் தகரப் பெட்டியை வைத்திருந்தாள். அவர்கள் காப்பி குடித்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பேச்சியம்மாள் மிஷினிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பதினஞ்சாயிரம் தடவைக்கு மேல ஓட்டியாச்சுக்கா," என்றாள் மெஹருன்னிசா. "சுருளோட ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சு போச்சு. உங்க மொகமே கீறல் விழுந்து, நீங்க கம்பிக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கு. மழை மொதல்ல தூறலாச்சு. பெறகு வலது பக்கத் தூணுக்கு அடியில மட்டும் சொட்டுச்சு. போன மாசத்துல இருந்து மண்வாசனை மட்டுந்தான் வருது."

மதுரைக்குப் போய் வேறு பிரதிகளையும், அவளுடைய மற்ற படங்களின் சுருள்களையும் தேடினார்கள். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக எல்லாவற்றையும் எப்போதோ கொதிக்க வைத்துவிட்டார்களாம். வீடியோ கேசட் கிடைத்தது, போட்டுப் பார்த்தார்கள், டி.வி. கண்ணாடி லேசாக வேர்த்ததோடு சரி.

"ஊருணி காஞ்சிருச்சு தாயீ," என்றாள் முத்திருளாயி. "மறுபடி ஒருக்கா ஆடணும். கேக்கக் கூடாதுதான். கேக்குறோம்."

உள்ளேயிருந்து சீனியம்மா சித்தி வந்துவிட்டாள். "ஆடுறதா? அவ மாடிப்படி ஏறுறதே சாமி புண்ணியம். நாப்பத்திரண்டு வயசு. சளி வச்சுச்சுன்னா யாரு பாக்குறது, நீங்களா?"

"நாங்க பாக்குறோம்," என்றாள் முத்திருளாயி உடனே.

பேச்சியம்மாள் தகரப் பெட்டியை வாங்கித் திறந்து, சுருளின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன்னை இத்தனை பேர் இத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே, சோற்றில் கல் கடிபட்ட மாதிரி, வேறொன்றும் இருந்தது.

"என் குரல் எப்படி இருக்கும்னு நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அந்தச் சுருளில் பாட்டு மட்டும்தான்.

"இப்ப கேக்குறோமே," என்றாள் மெஹருன்னிசா.

"நான் வர்றேன். ஆடுறேன். ஆனா அதுக்கு முந்தி வசனம் பேசணும். மூணு பக்கம். ஊரே உக்காந்து கேக்கணும். பாதியில யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது."

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். முத்திருளாயி டம்ளரைக் கீழே வைத்தாள். "இம்புட்டுதானா? எத்தனை மீட்டிங்குல யாரு யாரு பேச்சயோ உக்காந்து கேட்டிருக்கோம். நீங்க பேசுங்க."

தாமஸ் அப்போது பெரம்பூரில் மகன் வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பழைய காமிரா ஒன்றும் நாலு டப்பா ஃபிலிமும் சிநேகிதர்களிடம் கேட்டு வாங்கினார். குரலைப் பிடிக்க ஒரு டேப் மிஷினையும் சேர்த்துக்கொண்டார். பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரும் பேச்சியம்மாளும் சித்தியுமாக மூன்று பேரும் காக்கைவயலில் வந்து இறங்கினார்கள்.

கொட்டகைக்கு முன்னால் இருந்த பொட்டலில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஆட்களுக்கு முன்னால் குடங்கள் உட்கார்ந்திருந்தன, பச்சை, நீலம், ஆரஞ்சு, ஓரத்தில் பித்தளை அண்டாக்கள், ஒரு வீட்டிலிருந்து தொட்டில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிகூட வந்திருந்தது. ரூபலேகா வேனிலிருந்து இறங்கினாள். கீறல் விழாத, பருத்த, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த அம்மாளைப் பார்த்து ஜனங்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பம். "இதுவா?" என்றது ஒரு சின்ன ரூபலேகா. "உஷ்," என்றாள் அவளுடைய அம்மாவான பெரிய ரூபலேகா.

மெஹருன்னிசா டிக்கெட் கொடுக்கிற நாற்காலியைக் கொண்டுவந்து ஜனங்களுக்கு முன்னால் போட்டாள், அது நீதிபதி. அதில் யாரும் உட்காரவில்லை. பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்தாள். சித்தி அதை வாங்கும்போது மெதுவாக, "ஏ புள்ள, கொரல கொஞ்சம் மெல்லிசா வச்சுக்க," என்றாள்.

"மாட்டேன் சித்தி."

தாமஸ் காமிராவை ஓட்டினார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பேச்சியம்மாள் மேலே பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள்.

"ஆமாம் ஐயா, நான்தான் கொளுத்தினேன்," என்றாள்.

அந்தக் குரல் பொட்டலைக் கடந்து, கருவேலங்காட்டைத் தாண்டி, தார் ரோட்டில் போன சைக்கிள்காரர் வரைக்கும் கேட்டது. அவர் இறங்கி நின்றார்.

"கொளுத்தினது என் வீடு. என் கையால் மெழுகின வீடு. தீக்குச்சியை உரசும்போது கை நடுங்கியதா என்று வக்கீல் ஐயா கேட்கிறார். நடுங்கவில்லை. ஏழு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் மாட்டுக்குப் பேர் இருந்தது. கன்றுக்குப் பேர் இருந்தது. என்னைக் கூப்பிட அவர்கள் கையைத் தட்டினார்கள். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் சோறு. ஏழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூன்று தட்டு தட்டினார்கள். மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. வாயைத் திறந்து கேட்டேன். அதுதான் என் முதல் குற்றம்."

"அடப்பாவிகளா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பதினான்கு வருஷமாக அவளுக்குள் கிடந்த வசனம் எந்த இடத்திலும் முறியவில்லை. மூச்சுவிட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள், தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தாள், எகிற வேண்டிய இடத்தில் எகிறினாள். வாயைத் திறந்ததற்காக மாட்டுக்கொட்டிலில் அடைத்து வைத்ததைச் சொன்னாள். கொட்டிலின் சுவரோடு பேசிப் பழகியதைச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்த தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்; மாமியார் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சீனியம்மா சித்தி மூக்குக்கண்ணாடியைக் கையில் இறுக்கிக்கொண்டு, பதினைந்து வருஷம் காமிராவுக்குப் பின்னால் நின்றவள், முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் முதல் துளி விழுந்தது.

காமிராவின் கண் பார்த்த அகலத்துக்கு மட்டும் அல்ல. பொட்டல் முழுக்க, கொட்டகை மேல், பள்ளிக்கூடத்து ஓட்டின் மேல், காய்ந்த ஊருணியில், தார் ரோட்டில் நின்ற சைக்கிள்காரரின் மேல், அதற்கு அப்பால் கண் எட்டிய கருவேலங்காட்டின் மேலெல்லாம், சடசடவென்று இறங்கியது. பேச்சியம்மாள் மேலே பார்க்கவில்லை. நெற்றியில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கினாள், அதற்கென்றே செய்த குரல்போல அது ஏறிப்போய் நின்றது.

குடங்கள் கவிழ்ந்தே கிடந்தன. பாட்டு வரும்போது நிமிர்த்திக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தவை அவை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, குனிந்தபடி முன்னால் வந்து, தன் குடத்தை நிமிர்த்தப் பார்த்தாள்.

"ஏய், உக்காருடி!" என்று பல்லைக் கடித்தாள் முத்திருளாயி. "அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

அவள் அங்கேயே, குடத்துக்குப் பக்கத்தில், சேற்றில் உட்கார்ந்தாள்.

"... தீ பிடித்தது ஐயா. ஊர் ஓடி வந்தது. யார் கொளுத்தியது என்று கேட்டார்கள். ஏழு வருஷத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. நீங்கள் தூக்கில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி, நான் சொன்னது எழுத்தில் இருக்கட்டும். என் பெயர் கேட்டால் சொல்கிறேன். இன்னும் யாரும் கேட்கவில்லை."

அவள் நிறுத்தினாள். மூன்று பக்கம் அவ்வளவுதான்.

ஊர் காத்திருந்தது. மழை பெய்தது. தாமஸ் தன் சட்டையைக் கழற்றிக் காமிராவின் மேல் பிடித்துக்கொண்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தீர்ப்பு?" என்றார் கூட்டத்திலிருந்து ஒருவர்.

பேச்சியம்மாள் ஜனங்கள் பக்கம் திரும்பினாள். "தீர்ப்பு எழுதின தாளு எங்கிட்ட வரலங்க. அதுக்குள்ள வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அதெப்படி?" என்று முத்திருளாயி எழுந்தே விட்டாள். "இம்புட்டும் கேட்டுட்டு அந்தப் பொம்பளைய அப்படியே நிக்க விட்டுட்டுப் போக முடியுமா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், டிக்கெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொட்டலில் வழக்குத் தொடங்கியது. வீட்டைக் கொளுத்தியது தப்புதான், பக்கத்து வீட்டுக்குப் பரவியிருந்தால் என்ன ஆகும் என்றார் ஒரு பெரியவர். கொட்டிலில் அடைத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டாள் மாட்டுக்கார வீட்டு ரூபலேகா. முக்கால் மணி நேரம், தலையிலிருந்து கால்வரை நனைந்து, சேற்றில் சம்மணம் போட்டு, இல்லாத ஒரு வீட்டின் தீயைப் பற்றி அவர்கள் பேசினார்கள். கடைசியில் தலைவி கையைத் தூக்கினாள்.

"எல்லாம் கேட்டாச்சு. பொம்பளைய விடுதலை செய்யுது இந்தக் கோர்ட்டு. அந்த வீட்டுக்காரங்க மூணு தடவை கைதட்டுனாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்னு இந்தக் கோர்ட்டுல வந்து சொல்லிட்டுப் போகணும். ஏம்மா, உன் பேரென்ன?"

"பேச்சியம்மாள்."

அவள் சொன்னது கதையில் அந்தப் பெண்ணுக்கு இருந்த பெயரில்லை, தன் சொந்தப் பெயர். சித்திக்கு மட்டும் அது தெரியும். சித்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஊர் எழுந்து ஆரவாரம் செய்தது. பேச்சியம்மாளுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, கால் சேற்றில் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. ஒப்புக்கொண்டபடி, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாட்டுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்பதுபோலத் தாமஸைப் பார்த்தாள். "சரி, ஆடிருவோமா?" என்றாள்.

முத்திருளாயி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆட்டத்த இருபத்திரண்டு வருஷமாப் பாத்துட்டோம் தாயீ. வேற வசனம் இருந்தாப் பேசுங்க."